கேட்டால்தான் பக்கத்து வீடு



திருத்தணி மலையடிவாரத் தெருக்களில் சாயங்காலம் நடந்து போனால், திண்ணைப் பேச்சு பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் காதில் விழும். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் முதல் தேதி தமிழகத்தின் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லைக்காகக் கூட்டம், ஊர்வலம் என்று ஆண்கள் அலைந்த அந்த நாளிலும், பாலுக்கு உறைமோர் தீர்ந்தால் பக்கத்து வீட்டுத் தெலுங்கு வதினாவிடம்தான் (அண்ணியிடம்தான்) போய் நிற்போம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படி வளர்ந்தவர்கள் அரக்கோணம் வழியாக ரயிலேறிச் சென்னைக்குப் போய் அடுக்குமாடியில் குடியேறியதும் சொல்கிற முதல் குறை, "இங்கே யாருக்கும் மனசே இல்லை." எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஊரில் எங்களுக்கு மனசு பெரிசாக இருந்ததோ என்னவோ, வீட்டில் சாமான் குறைவாக இருந்தது நிச்சயம். ஒரு படி அரிசி, கிணற்றுக் கயிறு, கைமாற்றாகப் பத்து ரூபாய் என்று தினம் யார் வீட்டுப் படியையாவது மிதித்தே ஆக வேண்டும். நகரத்தில் கொத்தமல்லிகூட போனில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடுகிறது. பிறகு எதற்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவது?

புதிதாகக் குடிவந்தவர்கள் இனிப்பு கொடுத்துப் பழக்கம் பிடிக்கப் பார்ப்பார்கள். நல்லதுதான். ஆனால் வாங்கியவருக்கு டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே என்ற கவலை வந்துவிடும். சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு கணக்கு நேராகிவிடும். நான் சொல்வது, கொடுக்காதீர்கள், முதலில் கேளுங்கள். உதவி கேட்கும்போது எதிராளிக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு சென்னையிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது நான் மாடி வீட்டு அம்மாவிடம், "சாவியை வெச்சிருக்கீங்களாம்மா? துளசிக்கு மட்டும் தண்ணி ஊத்தணும்" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் "திருத்தணி" என்று எழுதிச் சாவியில் கட்டி, காலண்டர் ஆணியில் மாட்டினார். என் பேரை இன்னும் கேட்டிருக்கவில்லை. திரும்பி வந்து திருநீறும் பஞ்சாமிர்தமும் கொடுத்ததற்கு மறுநாளே அவர் கீழே வந்து, "காஸ் ரெகுலேட்டர் மாட்ட வரலை, ஒரு எட்டு வர்றியாப்பா?" என்றார். 'வாங்க' போய் 'வா' ஆகிவிட்டது!

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்களுக்கு இப்படி உதவி கேட்பது கட்டாயப் பாடமாக நடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழ் வீட்டுக்காரர்கள் மேல் வீட்டில் போய்ப் படுத்தார்கள். அத்தனை நாள் லிஃப்டில் முகம் பார்க்காதவர்கள் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். தண்ணீர் வடிந்ததும் பலர் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டதும் உண்மைதான்.

ஊரிலிருந்தே தினம் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிற சீசன் டிக்கெட்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ரயில் பெட்டியையே தெருவாக்கி, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டிப் பொரிகடலை விநியோகிக்கிறார்கள்.

சென்னைக்காரர்கள் எங்கள் ஊருக்கு வரும் நாளும் ஒன்று உண்டு: டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித் திருவிழா. புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைகளைப் பார்க்கப் போன ஜனங்களை, முதலில் தணிகை முருகனைப் பாருங்கள் என்று திருப்புகழ் பாடவைத்துப் படியேற்றியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். இன்றும் சென்னையிலிருந்து பஜனைக் குழுக்கள் வந்து, ஒவ்வொரு படிக்கும் குங்குமமிட்டுக் கற்பூரம் ஏற்றுகின்றன.

இந்த வருஷம் படித் திருவிழாவுக்கு மாடி வீட்டு அம்மாவும் வருகிறாராம். முழங்கால் வலிக்காரர். மேலே வரை பஸ் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். 365 படியும் ஏறியே தீருவேன் என்கிறார். அதோடு, ரயிலில் ஜன்னலோரம் தனக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.