உளியே அளவு
(மரவினை பயிலும் இளைஞரிடை ஆற்றப்பெற்ற உரை)



பாண்டியன் அரண்மனை வாயிலைப் பாடும் நெடுநல்வாடை, கைத்திறம் மிக்க கம்மியன் முடுக்கிப் பொருத்தியமையால் அதன் இணைப்பில் இடைவெளியே இல்லை என்கின்றது. இடைவெளி இல்லாப் பொருத்து எளிதில் அமைவதன்று.

கதவுச் சட்டத்தை எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சட்டத்தில் துளை, குறுக்குச்சட்டத்தின் முனையில் அத்துளையுட் புகும் கழுந்து. சட்டத்தின் பருமன் 36 மி.மீ. எனின், துளையின் அகலம் அதில் மூன்றிலொரு கூறு, அஃதாவது 12 மி.மீ. இருத்தல் நன்று. சட்டம் 100 மி.மீ. அகலமுடையதாய், துளை ஊடுருவிச் செல்வதாயின் ஆழம் 100 மி.மீ. சிறுவிரலே நுழைய இடர்ப்படும் வாய், உள்ளேயோ கிணறு! இக் கிணற்றைச் செதுக்கும் மெல்லுளியால் தோண்ட முனைபவர் பலர். மெல்லுளி சுவரைச் சீவுதற்கு உரியது. ஆழத்தில் இறக்கி நெம்பினால் வளையும், திருகும், முனை ஒடியும். துளைக்கு வேண்டியது தடித்த உளி. புறங்கள் நேராய், அலகு பருத்து, எத்துணை நெம்பினும் தாங்குவது. அதன் அகலமே துளையின் அகலம். ஆதலின் முதலில் அளவுகோலைத் தேடாதீர்கள். உளியின் வாயை வைத்துக் கோடு கீறும் கட்டையின் இருமுள்ளையும் அமையுங்கள். கழுந்தையும் அவ்வமைப்பு மாறாமலே கீறுங்கள்.

உளிவாய் எப்பொழுதும் மரத்தின் இழைக்குக் குறுக்காகவே நிற்றல் வேண்டும். இழைவழியே வைத்து அறைந்தால் மரம் பிளக்கும். துளையின் நடுவில் தொடங்கி, மும்மூன்று மி.மீ. நகர்த்தி, கொட்டாப்புளியால் அறைந்து, சிராயை நெம்பி எடுத்து, முனை நோக்கிச் செல்க. இரு முனைகளிலும் 2 மி.மீ. விட்டுவைக்க. நெம்பும்போது நசுங்குவது அப்பகுதியே. இறுதியில் அதனைச் செங்குத்தாய் வெட்டியெறிந்தால் வடு மறையும். பாதி ஆழம் சென்றதும் சட்டத்தைப் புரட்டி மறுபுறமிருந்து வெட்டுக. நிற்கும் இடமும் உண்டு: சட்டத்தின் தலைமாட்டில், அதன் நீளத்தை நோக்கி நிற்பவர்க்கே உளி இடமோ வலமோ சாய்வது கண்ணிற்படும்.

உளி, கழுந்து, ஆப்பு, கொட்டாப்புளி: இச்சொற்களை எந்தக் குழுவும் கூடி ஆக்கித் தந்ததில்லை. கலைச்சொல் ஆக்குவோர் தச்சுப்பட்டறையில் ஒரு நாள் அமர்ந்திருந்தால் பாதி வேலை குறையும்.

மின்பொறி விரைவாய்த் துளைக்கின்றது. அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. சதுரக் குழலுளி பூட்டிய பொறி செவ்விய துளையே தரும். குறை வேறோரிடத்தில் உள்ளது. வட்டத் துளைகளை வரிசையாய் இட்டு, இடைச்சுவரை மெல்லுளியால் அரைகுறையாய்ச் சீவி, தளர்ந்த கழுந்தைச் செருகி, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடுகின்றனர். கதவு வாங்குவோர் கண்ணுக்கு அது தெரியாது. மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும், அடைத்த தூள் உதிரும். ஈராண்டில் கதவு தொய்ந்து தரையை உராயும். அப்பொழுது பழி மரத்தின் மேல் விழும்.

பொருத்திப் பார்க்கும்போது கழுந்து கையழுத்தத்திற்குச் சிறிது இறங்கி, எஞ்சியது கொட்டாப்புளியின் மெல்லிய தட்டுக்கு இறங்குதல் வேண்டும். வன்மையாய் அறைந்தால்தான் இறங்குமெனின் சட்டம் பிளக்கும். கழுந்தின் கன்னத்தைச் சீவுக, துளையைத் தொடாதீர்கள்.