கரும்பும் கத்தரியும் கற்பிக்கும் பாடம்

(நெல்லிக்குப்பத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற விஞ்ஞான உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜீவராசிகளின் மரபணுக்களை மாற்றியமைக்கும் வித்தையை நம் பிள்ளைகளுக்கு எங்ஙனம் கற்பிப்பது என்பதே இன்று எனக்கு அளிக்கப்பெற்ற விஷயம். இதனைப் பேச எனக்குள்ள தகுதியைக் கூறுமுன், நான் செய்த பிழையொன்றைக் கூறுவதே முறையாகும்.

2010ஆம் ஆண்டு தை மாதம். பத்திரிகைகளிலெல்லாம் பி.டி. கத்தரிக்காய் என்பதே பேச்சு. பத்தாம் வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, மரபணுக் கத்தரிக்காய் வேண்டாம் என்கிறார்களே, நாம் தினமும் உண்ணும் கத்தரிக்காயில் மரபணு இல்லையா?" என்று கேட்டாள். யானோ, "அது பரீட்சைக்கு வாராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு நகைத்தது. அதன்பின் அவள் என் வகுப்பில் ஒரு வினாவும் எழுப்பினாளில்லை. அன்று நான் அளிக்கத் தவறிய விடையை இன்று இச்சபையில் அளிக்க முயல்கின்றேன்.

கத்தரிக்கும் மரபணு உண்டு, கரும்புக்கும் உண்டு, நமக்கும் உண்டு. உயிருள்ள ஒவ்வொன்றும் தன் உருவையும் இயல்பையும் தன் சந்ததிக்கு உணர்த்தும் ஒரு சுவடியைத் தன் உயிரணுக்களுள் வைத்திருக்கின்றது. அச்சுவடியின் எழுத்துக்கள் நான்கே. அவற்றின் வரிசையில்தான் பேதமெல்லாம் அடங்கியுள்ளது.

அச்சுவடியை மனிதன் திருத்துவது நேற்றுத் தோன்றிய புதுமையா? 1842ஆம் ஆண்டு முதல் சர்க்கரை ஆலையுடைய ஊர் இது. ஆலைக்குச் செல்லும் கரும்பு வண்டிகளைப் பார்த்தே நாம் அனைவரும் வளர்ந்தோம். அக்கரும்பு யாங்கிருந்து வந்தது என நம் பிள்ளைகளிடம் சொன்னோமா? 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதில் பார்பர் துரையும், அவருக்குப்பின் சர் டி. எஸ். வெங்கடராமனும் உழைத்தனர். பருத்துச் சாறு மிகுந்த 'வெள்ளை' என்னும் கரும்பையும், எவரும் மதியாது காட்டில் கிடந்த நாணலையும் அவர்கள் மணம் புரிவித்தனர். கோ 205 என்னும் கலப்புக் கரும்பு அதிற் பிறந்து, 1918இல் வடநாட்டு உழவர்க்கு அளிக்கப்பெற்றது. இனிப்பு ஒரு குலத்தினின்றும், குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலிமை மற்றொரு குலத்தினின்றும் வந்தன. அந்நிலையத்திலேயே 1934 முதல் 1939 வரை பணிபுரிந்த ஈ. கே. ஜானகி அம்மாள், கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் கலந்து ஆராய்ந்தார். பெண்கள் கல்லூரி வாயிலை எட்டுவதே அரிதாயிருந்த காலம் அது என்பதை இங்குள்ள தாய்மார்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் இவ்வரலாற்றிற் பின்தங்கியதன்று. கோ.சி. 671 என்னும் பெயரிலுள்ள 'சி' கடலூரைக் குறிக்கும். சர்க்கரைச் சத்தில் அது பெயர் பெற்றது. ஆயினும் செவ்வழுகல் நோய்க்கு எளிதில் இரையாயிற்று. பின்னர் அதனையே தந்தையாகக் கொண்டு பிறந்த கோ 86032 தமிழ்நாட்டு வயல்களிற் பரவியது. ஒரு குணத்தைத் தேடுங்கால் மற்றொரு குறை உடன்வரக்கூடும் என்பதையும், ஒரே இரகத்தை எங்கும் பயிரிடல் ஆபத்து என்பதையும் இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடப்புத்தகம் உண்டோ?

இனிக் கத்தரிக்கு வருவோம். கலப்பு முறையில் இரு சுவடிகளின் ஏடுகள் கலைந்து சேர்கின்றன. எவ்வேடு எங்கு அமையும் என்பது நம் வசமில்லை. பி.டி. முறையிலோ, முற்றும் வேறான ஓர் உயிரின் சுவடியினின்று ஓர் ஏட்டை எடுத்து இதனுட் செருகுகின்றனர். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைக் கத்தரியில் அமைத்தால், காய்த்துளைப்பான் புழு அதனைத் தின்று மடியும். மருந்து தெளிப்பது குறையும். அவ்வாறு மாற்றுதற்குக் கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்ட இரகங்களுள் ஒன்று பி.எல்.ஆர். 1, அதாவது நம் அண்டையிலுள்ள பாலூர்க் கத்தரி!

2009 அக்டோபரில் மத்திய சர்க்காரின் மரபணுக் குழு பி.டி. கத்தரிக்கு இசைவு தந்தது. எதிர்ப்பு எழவே, சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அதனை நிறுத்திவைத்தார். அண்டை நாடாகிய வங்காள தேசத்தில் 2014 முதல் அது பயிராகின்றது. இம்முடிவுகளுள் எது சரி என்று தீர்ப்புரைக்க நான் வரவில்லை. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அவ்வேழு நகரங்களுள் தமிழ்நாட்டு ஊர் ஒன்றேனும் இல்லை. பாலூர்க் கத்தரியைப் பற்றிய விசாரணையில் பாலூர்க்காரரைக் கேட்பாரில்லை! அஃது ஒரு குறை. அதனினும் பெருங்குறை யாதெனில், அன்று கடலூரிலேயே சபை கூட்டிக் கேட்டிருந்தாலும், என்போன்ற உபாத்தியாயர்களிடம் பயின்றவர்கள் யாது கூறியிருப்பர்? "விஷம்" என்று சிலரும், "விஞ்ஞானம்" என்று சிலரும் கூவியிருப்பர். வினவத் தெரிந்தவர் சிலரே இருந்திருப்பர். அறியாதவன் சம்மதமும் சம்மதமன்று. அறியாதவன் மறுப்பும் மறுப்பன்று.

இதற்குள் வித்தையோ மேலும் நடந்துவிட்டது. பிறிதொரு சுவடியின் ஏட்டைச் செருகாமல், உள்ள எழுத்தையே திருத்தும் முறை இப்போது வந்துளது. 2025 மே மாதத்தில் மத்திய சர்க்கார் அறிவித்த 'கமலா' நெல், பி.பி.டி. என நாம் அறிந்த சம்பா மசூரியினின்று இம்முறையில் ஆக்கப்பெற்றது. எழுத்தெழுத்தாக இரசாயனத்தால் கோத்துப் புதுச் சுவடியையே எழுதுவதும் உண்டு. இது செயற்கை உயிரியலில் ஒரு பெரும் பகுதி. 2010இல் அமெரிக்காவில் கிரெய்க் வென்டர் குழுவினர் ஒரு நுண்ணுயிரின் முழுச் சுவடியையும் இங்ஙனம் கோத்து, வேறொரு நுண்ணுயிரின் உடலில் இயங்கச் செய்தனர்.

இதனைக் கேட்டு அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன். இச்சபையிலுள்ளோரில் சிலரேனும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வீர்கள். முன்னாளில் அது மாடு, பன்றி இவற்றின் கணையத்தினின்று எடுக்கப்பட்டது. 1978இல் மனித இன்சுலினின் மரபணுவை நுண்ணுயிரில் அமைத்து, அதனைக்கொண்டே இன்சுலினை ஆக்கினர். 1982இல் அது மருந்தாக இசைவு பெற்றது. அஞ்சாது துள்ளுவோர்க்கும் ஒன்று கூறுவேன். 1975இல் இவ்வித்தையின் முன்னோடிகளே கலிபோர்னியாவில் அசிலோமார் என்னுமிடத்திற் கூடி, இதன் ஆபத்துக்களை ஆராய்ந்து தமக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். வல்லவர்களே தயங்கிய இடத்தில் நாம் கண்மூடி ஓடலாகாது.

மற்றுமொரு வார்த்தை. நாம் ஒரு சமூகத்தார் கூடியிருக்கும் சபை இது. மரபணு என்றதும், "எம் இரத்தம் தூயது" என்று பேச ஒரு சாஸ்திரம் கிடைத்தது என எவரும் மகிழ வேண்டா. 2009இல் ஹைதராபாத் உயிரணு ஆய்வு நிலையத்தாரும் அமெரிக்க அறிஞரும் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்தியரிற் பெரும்பாலோர் தொன்மையான இரு மக்கட்கூட்டங்களின் கலப்பே என்று காட்டிற்று. நாணலின் கலப்பால் கரும்பு கெட்டுவிடவில்லை, பிழைத்தது. நம் பிள்ளைகள் மரபியலைக் கற்கும்போது இதனையும் கற்கட்டும்.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, கண்ணாற் காட்டுதல். ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் சோப்புக் கரைசலும் கலந்து வடிகட்டி, குளிரவைத்த ஸ்பிரிட்டை மெல்ல விளிம்போரமாக ஊற்றினால், வெண்ணிற நூல்கள் திரண்டெழும். பழத்தின் சுவடி அதுவே. ஸ்பிரிட் தீப்பற்றும் பொருளாதலின் பெரியோர் அருகிருக்க வேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை சங்கச் செலவில் பிள்ளைகளைக் கடலூர், பாலூர் ஆராய்ச்சி நிலையங்களுக்கு அழைத்துச் செல்லுதல். மூன்றாவது, எப்புதிய விதை வரினும் நான்கு வினாக்களைக் கேட்கப் பழக்குதல்: மாற்றப்பட்டது யாது? சோதித்தவர் யார், அவர் விற்பவரினும் வேறானவரா? அறுவடையில் எடுத்த விதையை உழவன் மறுபடி விதைக்கலாமா? தீங்கு நேரின் பொறுப்பேற்பவர் யார்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் இவ்வினாக்களைக் கேட்டால், "பரீட்சைக்கு வருமா?" என்று திருப்பிக் கேளாதீர்கள். தெரியாவிடின், "எனக்கும் தெரியாது, இருவரும் அறிந்துகொள்வோம்" என்று கூறுங்கள். அவ்வொரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அன்று மனம் வரவில்லை. அம்மாணவி இன்று எங்குளளோ. அவளுக்கும் இப்போது பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கலாம். அப்பிள்ளைகளின் வினாவுக்கேனும் நல்ல விடை கிடைக்கட்டும்.

சுற்றுலாவுக்கான முதற்செலவுக்கு என் ஓய்வூதியத்தினின்று ஒரு மாதத் தொகையைக் காரியதரிசியிடம் இன்றே ஒப்புவிக்கின்றேன். எஞ்சியதை நீங்கள் நிறைவேற்றுவீர்களென நம்புகின்றேன்.