பரபக்கம் முன், சுபக்கம் பின்



பிற சமயத்தாரோடு அமர்ந்து சமயம் பேசுவது சைவர்க்குத் தகுமா என்னும் ஐயம் நம்மவர் பலரிடம் உண்டு. பேசினால் பற்றுத் தளரும் என்று அஞ்சுவோர் ஒருசாரார். எல்லாம் ஒன்றே, பேசுதற்கு என்ன இருக்கின்றது என்று ஒதுங்குவோர் மற்றொரு சாரார். இருவரும் கதவை அடைப்பவர்களே.

நம் சாத்திரம் காட்டும் நெறி வேறு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைச் சுபக்கத்தோடு தொடங்கினாரில்லை. பரபக்கத்தையே முன்னே வைத்தார். உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் ஈறாக 14 கொள்கைகளை அங்கே நிறுத்துகின்றார். ஒவ்வொருவரும் தம் கொள்கையை முதலில் சொல்லி முடிக்கின்றனர். மறுப்பு அதன் பின்னரே வருகின்றது. கடவுள் இல்லை என்பானுக்கும் அந்நூலில் பேச முறை உண்டு! நாமோ சுபக்கத்தை ஓதிப் பரபக்கத்தைப் பேழையில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் தோன்றிய ஆறுமுக நாவலரை நினைமின்கள். அவர் வெசுலியன் மிசன் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பீற்றர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவர் நம் நாவலரே. நம் மேடைகளிற் சிலர் இச்செய்தியை மெல்ல விழுங்கிவிடுகின்றனர். ஏன் விழுங்க வேண்டும்? பிறர் நூலைச் சொல்தோறும் பொருள் அறிந்து நல்ல தமிழில் வைத்த அப்பெருமான், 1848இல் அப்பணியினின்று விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார். அவர் கண்டனங்களில் வெம்மை மிகுதி. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. ஆயினும், எதிர்ப்பக்கத்து நூலை அறியாது எதிர்த்தார் என்று அவரை எவரும் சொல்ல முடியாது.

அப்பக்கத்திலிருந்தும் வந்தவர் உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஒய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கினார். அது 1854இல் வெளிவந்தது. போப்பையரோ 1900இல், எண்பதாம் அகவையில், திருவாசக மொழிபெயர்ப்பை அச்சேற்றினார். அவர் இறுதிவரை கிறித்தவ குருவாகவே வாழ்ந்தார். நாவலரும் திருநீறு அழிந்தாரல்லர்.

அன்பர்களே, இது பழங்கதையன்று. நம் பிள்ளைகள் இன்று பல சமயத்துப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து படிக்கின்றனர். “உங்கள் கடவுள் ஏன் ஆடுகின்றார்?” என்று பக்கத்துப் பிள்ளை கேட்கின்றது. கேட்பதிற் குற்றமில்லை, அறியும் வேட்கையாற் கேட்கின்றது. நம் பிள்ளையோ விடை அறியாது நாணுகின்றது. அன்றேல் சினந்து கைகலக்கின்றது. ஐந்தொழிலை அப்பிள்ளைக்கு நாம் சொல்லிவைத்தோமா? அத்தோழன் நோன்பிருக்கும் காரணத்தையேனும் கேட்டறிந்து வா என்று என்றேனும் அனுப்பினோமா? பூசலுக்குப் பின்னர்ப் பெற்றோர் இருபுறமும் நின்று வருந்துவதை நான் கண்டிருக்கின்றேன். அவ்விடத்தில் எந்த நூலும் பயன்படவில்லை. இருசாராரும் முன்பே ஒரு திண்ணையில் அமர்ந்து பேசியிருந்தால் அப்பூசலே எழுந்திராது.

தீபாராதனைக்கு மணி ஒலிக்கின்றது. நாளை மாலை பரபக்கத்தை உலகாயதத்திலிருந்தே தொடங்குவோம். நூல் உடையோர் கொணர்க. மாற்றுச் சமயத்து நண்பர் எவரேனும் வர விரும்பினால், முன்வரிசையில் இடம் வையுங்கள்.

திருச்சிற்றம்பலம்.