தீவுப் பயணமும் குணவிரதமும்



இல்லறத்தார்க்குரிய மூன்று குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை வீணாக்கல், தீ மூட்டல், தழை முறித்தல் ஆகியவற்றோடு வீணே அலைதலையும் இரத்தின கரண்ட சிராவகாசாரம் குற்றமெனக் கூறுகிறது. அவ்வாறாயின், கண்டு களிக்கக் கடல் கடக்கும் குடும்பம் இவ்விரதத்தை எங்ஙனம் காக்கும்?

இந்தோனேசியாவின் பாலித் தீவு இதற்கு நல்ல தேர்வுக்களம். மழைப் பருவத்தில் அதன் கூட்டா கடற்கரையில் நெகிழிக் குப்பை அலையோடு கரையேறுகிறது. 2019 முதல் நெகிழிப் பை, உறிஞ்சுகுழல், தெர்மாகோல் கலம் ஆகியவற்றுக்கு அங்குத் தடை உண்டு. தடை கடைக்காரரைக் கட்டும். விரதமோ பயணியையே கட்டும். எவர்சில்வர் குப்பி, நீர் வடிக்கும் துணி, துணிப்பை, தூக்குப் பாத்திரம் ஆகிய நான்கும் உடனிருப்பின் குப்பை பெரிதும் குறையும்.

1,717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் எரிமலையில் சூரியோதயம் காணப் பலரும் இருளிலேயே ஏறுவர். ஈரியா சமிதியைப் போற்றுவோர் ஒளி பரந்தபின் அடிபார்த்து ஏறுவர்; இழப்பது ஒரு காட்சி, காப்பது பல உயிர். மென்ஜாங்கான் தீவருகே நீந்துவோர் பவளத்தின்மேல் கால் ஊன்றலாகாது. முறிந்த பவளம் மீள வளரப் பல்லாண்டு ஆகும். கழிவை உயிர்க்கு ஊறிலா இடத்தில் நீக்கல் உத்சர்க்க சமிதி.

பாலி இந்துக்கள் ஆண்டுக்கொருமுறை நியெபி நாளில் தீ, தொழில், பயணம், களியாட்டம் நான்கையும் துறப்பர். விமான நிலையமும் மூடப்படும். திசை விரதம் உணர்த்துவதும் இதுவே: செல்லுதற்கும் ஓர் எல்லை வேண்டும். அவ்வெல்லையை வீட்டிலேயே வகுத்துப் புறப்படும் குடும்பத்தின் பயணம் வீண் அலைதலாகாது.