உறக்கநோயும் ஓட்டுநர் உரிமமும்

(முள்ளிப்பட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தறியையே நம்பி வாழ்ந்த நம் மரபினருள் இன்று மோட்டார் வண்டி ஓட்டிக் குடும்பம் காப்போரும் உளர். நாம் நெய்யும் பட்டுச் சேலைகளை இரவோடிரவாகக் காஞ்சிபுரத்திற்கும் சென்னைக்கும் கொண்டு சேர்ப்போர் அவர்களே. அவர்க்கு நேரும் ஓர் இடரைக் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

நமக்கு மைத்துனர் முறையினரான ஒருவர் இருபது ஆண்டுகள் வேன் ஓட்டியவர். அவர் குறட்டையைக் கேட்டு நாமும் நகைத்ததுண்டு. பகலில் அவர் கண்ணயர்வதைச் சோம்பல் என்று இகழ்ந்ததுமுண்டு. ஓட்டும்போதே இருமுறை கண்மூடியதை அவர் மனைவியாரிடமும் மறைத்தார். பிழைப்புப் போய்விடும் என்னும் அச்சமே காரணம். ஒருநாள் விடியற்போதில் வண்டி சாலையை விட்டிறங்கிப் புளியமரத்தில் உராய்ந்து நின்றது. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. மருத்துவர் ஓரிரவு அவரை உறங்கச்செய்து கருவிகளால் ஆராய்ந்து, இது சோம்பலன்று, நோயே என்றார். உரிமமும் போயிற்று. பன்னாள் அவர் திண்ணையை விட்டு இறங்கினாரில்லை.

இந்நோயை ஸ்லீப் ஆப்னியா என்பர். உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடும், குருதியில் பிராணவாயு குறையும், மூளை திடுக்கிட்டு விழிக்க, அடைப்பு நீங்கும், பின்னும் அடைபடும். நோய் முற்றியோர்க்கு ஓரிரவில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழும். அவர் இரவெல்லாம் படுத்திருந்தும் உறங்காதவரேயாவர். வள்ளுவனார் வகுத்த 'மடியின்மை' அதிகாரம் இவர்க்கு உரியதன்று. 'மருந்து' அதிகாரமே உரியது.

சட்டம் யாது கூறுகின்றது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, நோயினால் ஓட்டத் தகுதியற்றவர் என்று கருத நியாயமான காரணம் இருப்பின், அதிகாரிகள் உரிமத்தை நீக்கலாம்; அன்றி மருத்துவச் சான்று கேட்கலாம். நீக்கினால் காரணம் தெரிவித்தல் வேண்டும். 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய 17ஆம் பிரிவு இடந்தருகின்றது. இங்கிலாந்திலும் பகலில் மிகு தூக்கம் தரும் இந்நோயுடையார் ஓட்டாது நின்று அரசுக்கு அறிவித்தல் கடமை. நோய் அடங்கியபின் மீண்டும் ஓட்டலாம்.

அடக்கும் வழியும் உண்டு. முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்டார்.

அன்பர்காள்! பாவில் ஓரிழை அறுந்தால் நாம் தறியை நிறுத்தி, முடிந்து, பின்னரே நெய்கின்றோம். நிறுத்துவது இழுக்கன்று, அறுந்ததை மறைத்து நெய்வதே இழுக்கு. ஓட்டுநருக்கும் அஃதே. ஆனால் அவர் மறைப்பதற்கு நம் நகைப்பும் ஒரு காரணம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தாய்மார்களே! கணவர் உறக்கத்தில் மூச்சுத் திணறி விழிப்பின், முதலில் அறிபவர் நீங்களே; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சங்கத்தாரும், உரிமம் இழந்தவர்க்கு வேறு தொழில் தேடித்தர முன்வருதல் வேண்டும்.

மைத்துனர் இன்று இரவுதோறும் அக்கருவியுடன் உறங்குகின்றார். பகலில் பாவு ஓட்டும் வேலை செய்கின்றார். உரிமம் மீள்வது மருத்துவர் சான்றைப் பொறுத்தது. முகம் தெளிந்து திண்ணையை விட்டு இறங்கினாரே, அதுவே நமக்குப் பெருமகிழ்ச்சி.