பொதியும் முடங்கலும்



இணையவழி வாங்கலும் விற்றலும், அவற்றின் இடையே பொதி வழிதவறிப் போவதும் இலக்கிய மன்றத்திற்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. இணைய வாணிகம் நூலைக் கொண்டே தொடங்கிற்று என்பது அவ்வையத்திற்கு முதல் விடை. 1995-இல் அமெரிக்காவில் அமேசானும், 2007-இல் பெங்களூரில் ஃபிளிப்கார்ட்டும் முதற்கண் விற்ற பொருள் புத்தகமே. இன்று கவிதைத் தொகுதி வெளியிடுவோருள் பலர் தாமே பதிப்பாளர், தாமே விற்பனையாளர், தாமே பொதி கட்டுபவர் என்பது இரண்டாம் விடை. அவர்கள் கட்டும் பொதி போய்ச் சேராவிடின் கெடுவது பணம் மட்டுமன்று. கவிஞனுக்கும் வாசகனுக்கும் இடையே முளைத்த உறவும் கெடுகிறது.

இச்சிக்கல் புதிதுமன்று. பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையை 1877-ஆம் ஆண்டிலேயே இந்திய அஞ்சல்துறை வி.பி.பி. என்னும் பெயரால் கொண்டுவந்தது. சென்ற நூற்றாண்டில் சிற்றூர்களில் வாழ்ந்த வாசகர் பலர்க்கு நூலகமாயிருந்தது அந்த வி.பி.பி. பொதிதான். 2010-இல் ஃபிளிப்கார்ட் இந்தியாவில் அம்முறையை இணைய வாணிகத்தில் புகுத்தியபோது, பழைய வழக்கமே புதிய உடை அணிந்து வந்தது எனலாம். அனுப்பிய பொருள் எங்கெங்கே தவறுகிறது என்பதை அறிய, வணிகக் குடியில் பிறந்த கதையாகிய சிலப்பதிகாரத்தைத் துணையாகக் கொள்வது பொருத்தமுடையது.

1. பொதிமேல் எழுத்து

இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரின் பண்டசாலை காட்டப்படுகிறது. அங்குக் கிடக்கும் பொதிகள்தோறும் உடையவர் பெயரும் அளவும் எழுத்தால் பொறிக்கப்பட்டுள்ளன. கதவுமில்லை, காவலுமில்லை. கவர நினைப்பவன் அப்பொதியையே தலையில் சுமந்து கழுத்து நோவச் சுற்றிவர நேரும் என்று காப்பியம் கூறுகிறது. பொதியின் பாதுகாப்பு, முதலாவதாக அதன்மேல் எழுதப்படும் எழுத்தில் இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இன்று பொதிகள் திசைமாறுவதற்குப் பெருங்காரணம் அவ்வெழுத்தே. தென்காசி மாவட்டத்தில் ஓர் ஆலங்குளம். விருதுநகர் மாவட்டத்தில் மற்றோர் ஆலங்குளம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஆலங்குடி. திருவாரூர் மாவட்டத்தில் மற்றோர் ஆலங்குடி. புதூர்களுக்கும் புதுப்பட்டிகளுக்கும் கணக்கேயில்லை. இவற்றை உரோமன் எழுத்தில் எழுதும்போது ல, ள, ழ என்னும் மூன்றும் பெரும்பாலும் மயங்கி நிற்கின்றன. குறிலும் நெடிலும் கலந்துவிடுகின்றன. திருவள்ளூருக்குரியது திருவாரூருக்குப் போக ஓரிரண்டு எழுத்துப் பிழையே போதும்.

இம்மயக்கத்தை நீக்க 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலத்தையும், இரண்டாவது உள்மண்டலத்தையும், மூன்றாவது பிரிப்பு மாவட்டத்தையும், இறுதி மூன்றும் அஞ்சலகத்தையும் காட்டும். தமிழகத்தின் எண்கள் ஆறில் தொடங்குகின்றன. இதனை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்னும் அஞ்சல்துறை உயர் அலுவலர். அவர் வடமொழிக் கவிஞருமாவார். சொல்லை இடமறிந்து வைக்கப் பழகிய கவிஞர் ஒருவரே ஒரு நாட்டின் ஊர்களுக்கெல்லாம் எண் வகுத்தார் என்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி.

எனினும் அவ்வெண் அஞ்சலகம் வரையே வழிகாட்டும். வீட்டு வாசலைக் காட்டாது. 2025 மே மாதத்தில் அஞ்சல்துறை அறிமுகப்படுத்திய டிஜிபின் என்னும் பத்தெழுத்துக் குறியீடு ஏறத்தாழ நான்கு மீட்டர்ச் சதுரத்தையே சுட்டவல்லது. அது பரவும்வரை, பிள்ளையார் கோயிலும் தண்ணீர்த் தொட்டியும் டீக்கடையுமே முகவரியின் கடைசி அடியாக நிற்கும்.

2. பெறுநர் இவர்தாமா?

புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் முடங்கலைச் சுமந்து கௌசிகன் வருகிறான். எதிரே நிற்பவன் துயரால் உருமாறியிருக்கிறான். கோவலன்தானா என்பது கௌசிகனுக்கு உறுதிப்படவில்லை. அதற்காக முடங்கலை அருகிருந்தவரிடம் தந்துவிட்டு அவன் அகலவில்லை. வாடிநின்ற மாதவிக்கொடியை நோக்கி, கோவலனைப் பிரிந்த மாதவியைப்போல நீயும் வாடினையோ என்னும் கருத்துப்படப் பேசுகிறான். அச்சொல் கேட்டுக் கோவலன் அருகே வந்து வினவ, ஐயம் நீங்குகிறது. அதன்பின்னரே முடங்கல் கைமாறுகிறது. அம்முடங்கலோ மண்ணால் இலச்சினையிட்டு, மாதவியின் கூந்தலால் பொறி வைக்கப்பட்டது. அதில் படிந்த நெய்வாசமே அனுப்பியவர் யாரென்று கோவலனுக்கு உணர்த்துகிறது.

பெறுநரை அறிதல், அனுப்புநரை அறிதல் என்னும் இருவகை உறுதியும் இங்கே உள்ளன. இன்று கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் கௌசிகனின் கேள்வியைப் போன்றதே. அது கேட்கப்படாத இடத்தில், பொதி பக்கத்து வீட்டிலோ மாடிப்படியிலோ மின்பெட்டியின் மேலோ வைக்கப்படுகிறது. கணினியில் மட்டும் “ஒப்படைக்கப்பட்டது” என்று பதிவாகிறது. அனுப்பியவர் சேர்ந்ததென நம்புகிறார். பெறவேண்டியவர் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரிடையே பகை வளர்கிறது.

போலி முடங்கல்களும் மலிந்துவிட்டன. முகவரி முழுமையாக இல்லை, இந்த இணைப்பைத் தொட்டுத் திருத்துக என அஞ்சல்துறையின் பெயரால் வரும் குறுஞ்செய்திகள் வங்கிக் கணக்கைக் குறிவைப்பவை. நெய்வாசம் அறியாத முடங்கலைப் பிரிக்காதிருத்தலே அறிவுடைமை.

பொதி சுமப்பவரையும் இங்கு நினைத்தல் வேண்டும். ஒப்படைக்கும் பொதியின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர் அவருட் பலர். பூட்டிய கதவின்முன் காத்திருக்கும் பத்து நிமிடம் அவர் வருவாயில் குறைகிறது. மாடிப்படியில் வைத்துச் செல்லும் பிழைக்கு அந்த அவசரமும் காரணம். இத்தகைய தொழிலாளர்க்கு நலவாரியம் அமைக்கப்படும் எனத் தமிழக அரசு 2023 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தது, அவர்தம் உழைப்பு பொதுவெளியில் ஏற்கப்பட்டமைக்குச் சான்று.

3. மறுக்கப்பட்ட மடல்

கௌசிகன் வருமுன்னரே மாதவி தாழை மடலில் ஒரு முடங்கல் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தாள். வேனிற்காதை கூறும் செய்தி இது. அவள் கூலக்கடைத் தெருவில் கோவலனைக் கண்டு அதனை நீட்ட, அவன் வாங்க மறுத்தான். கொண்டுசென்றவள் பிழை செய்யவில்லை, இடமும் தவறவில்லை, பெறுநரின் மனம் மாறியிருந்தது. வாடிய முகத்தோடு அவள் திரும்பினாள்.

பணம் பின்னர்த் தரும் முறையில் நிகழும் பெருந்துன்பம் இதுவே. நூற்றைம்பது ரூபாய்க் கவிதை நூல் ஒன்றை ஒருவர் கேட்கிறார் எனக் கொள்க. ஆசிரியர் அதனை அட்டை வைத்துக் கட்டி அனுப்புகிறார். பொதி வந்த நாளில் வாங்குபவர் வீட்டில் இல்லை. அல்லது வேண்டாம் என்கிறார். போன வழிக்கான செலவு ஆசிரியருடையது. பல தனியார் நிறுவனங்களில் திரும்பும் வழிக்கான செலவும் அவருடையதே. மூலை மடங்கி, மழையில் நனைந்து திரும்பும் நூலை மறுபடி விற்கவும் இயலாது. பெருவணிகர்க்கு இது கணக்கில் ஒரு வரி. ஐந்நூறு படி அச்சிட்ட கவிஞர்க்கோ அடுத்த தொகுதியின் தாள்விலை.

அச்சிட்ட நூல்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவு செய்து அனுப்பும் அஞ்சல் வசதி 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டமை சிறு பதிப்பாளரை வருத்திற்று. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்னும் சேவை வந்துள்ளது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. சமூக, பண்பாட்டு, சமய நூல்களும் இதில் செல்லும். நூலில் அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் இருத்தல் வேண்டும். பொதி செல்லும் வழியை இடையிடையே அறியவும் இயலும். உறுப்பினர்கள் இதனை அறிந்து பயன்கொள்ளலாம்.

4. திறந்து காட்டும் சான்று

சிலப்பதிகாரத்தின் உயிர்நிலையே, உள்ளே இருப்பது யாது என்னும் கேள்விதான். தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். புறத்தே இரண்டும் ஒன்றுபோல் தோன்றின. பொற்கொல்லன் சொல்லொன்றையே கொண்டு, திறந்து பாராமல் தீர்ப்புச் சொன்னான் பாண்டியன். பின்னர் அவையில் சிலம்பு உடைக்கப்பட்டது, மணி தெறித்தது, உண்மை வெளிப்பட்டது. ஆனால் கோவலன் மீளவில்லை.

பெட்டியில் கேட்ட பொருள் இல்லை, வேறொன்று இருக்கிறது என்று வாங்குபவர் முறையிடும்போது, பிரிக்கும்போதே படம் எடுத்தீரா எனக் கேட்கும் விற்பனையாளர் பலர். கண்ணகியிடம் இணைச்சிலம்பு இருந்தது. எளிய வாங்குநரிடம் என்ன இருக்கும்? ஆதலின் முத்திரை உடையாத பொதியைப் படம் எடுத்து, பின் பிரித்தல் நலம். விற்பவரும் கட்டுமுன் உள்ளிருப்பதைப் படம் எடுத்துவைத்தல் இருசாரார்க்கும் காப்பு.

சட்டமும் துணைநிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தாம் வாழும் ஊருக்குரிய ஆணையத்திலேயே முறையிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை. அதே மாதம் வந்த இணைய வாணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் முறையீட்டை 48 மணி நேரத்துள் ஏற்றறிவித்து ஒரு மாதத்துள் தீர்த்தல் வேண்டும். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. அஞ்சல்துறையின் நிலை வேறு. 1898-ஆம் ஆண்டின் சட்டம் இழப்பு, தாமதம், சேதம் ஆகியவற்றிற்கான பொறுப்பிலிருந்து அதனைப் பெரிதும் விலக்கியது; 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டமும், விதிகள் குறிக்கும் அளவு நீங்கலாக, அவ்விலக்கைத் தொடர்கிறது. விலைமிக்க பொதிக்குக் காப்பீடு செய்வதன் தேவை இதனால் புலனாகும்.

நிறைவாக

கௌசிகன் தந்த முடங்கலுக்கு மற்றொரு பயனும் விளைந்தது. அதனைப் படித்த கோவலன், அதிலுள்ள சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதத்தக்கனவாகவும் இருக்கக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கௌசிகனிடம் திருப்பிக் கொடுத்தான். ஒருவருக்கு எழுதிய முடங்கல் மற்றொருவர்க்கும் உரியதாயிற்று. தவறி வந்த நூற்பொதியைப் பெறுவோர் இதனை எண்ணுதல் வேண்டும். வாசலில் கிடக்கும் பொதியின்மேல் தம் பெயர் இல்லையெனில், அதிலுள்ள எண்ணை அழைத்து உரியவரிடம் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. எங்கோ ஓரூரில் காத்திருக்கும் கவிஞர்க்கோ அது பெரும் உதவி.

கவிஞர்களுக்கு விடுக்கும் வேண்டுகோள் சிறியது. முகவரியைத் தமிழிலும் எழுதுக, குறியீட்டு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் தவறாது குறிக்க, பற்றுச்சீட்டைப் பேணுக. வாங்குவோர் கேட்ட நூலை மறுக்காதிருப்பாராக. வெயிலில் வந்து நிற்பவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் தருவாராக. பண்டசாலைப் பொதிகளைக் கதவும் காவலுமின்றிக் காத்தது எழுத்தும் அதன்பின் நின்ற அறமுமே. பத்தாண்டு நிறைந்த இம்மன்றத்தின் நூல்கள் இனிவரும் ஆண்டுகளில் உரியவர் கைகளில் தவறாது சென்று சேர்வனவாகுக.