விளையாட்டு லோரியின் டிபரன்ஷியல்



தோட்டத்து வீடுகளிலும் சரி, தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்குக் குடிபோனவர்களின் அடுக்குமாடி வீடுகளிலும் சரி, பிள்ளைகள் கையில் ரிமோட் லோரியைக் காண்கிறோம். இரண்டு மூன்று தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் வெள்ளியைச் சேர்த்து வாங்கிய பொருள் அது. சில மாதங்களில் ‘கறகற’வென்று சத்தம் போட்டுத் திணறும். "இனி இது தேறாது" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளி விடுகிறார்கள். அப்படித் தள்ளப்பட்ட லோரிகள் பலவற்றில் மோட்டாரும் பேட்டரியும் நன்றாகவே இருக்கின்றன. பழுதுபட்டது டிபரன்ஷியல் ஒன்றுதான்.

டிபரன்ஷியல் எதற்கு? செம்பனைக் குலை ஏற்றிய லோரி முடக்கில் திரும்பும்போது பாருங்கள். உள்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். விளையாட்டு லோரியில் இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு முழு வட்டம் சுற்றினால் வெளிச்சக்கரம் ஏறக்குறைய 188 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது! இடைநிலைப் பள்ளியில் வட்டக் கணக்குப் படிக்கும் அண்ணனோ அக்காளோ போட்டுக் காட்டட்டும். இரு சக்கரங்களையும் ஒரே இருசில் இறுக்கி விட்டால், ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே இழுபடும். இதைத் தீர்க்கும் பற்சக்கர அமைப்புக்கு, பிரான்சு நாட்டுக் கடிகாரக் கைவினைஞர் பெக்கர் என்பவர் 1827ஆம் ஆண்டில், நீராவி வண்டிக்காக, காப்புரிமை பெற்றார்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓடும் ரயில் பெட்டிகளில் இது கிடையாது. அங்கே இரு சக்கரங்களும் ஒரே இருசில் இறுகியிருக்கும். சக்கரத்தின் ஓடுபரப்பு சற்றே கூம்பாக இருப்பதால் வளைவில் சமாளித்துக்கொள்ளும். அது வேறு கதை, லோரிக்கு வருவோம்.

டிபரன்ஷியல் சிறிய டப்பா போன்றது. இடச்சக்கரத்துக்கு ஒரு பற்சக்கரம், வலச்சக்கரத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே சிறு பற்சக்கரங்கள். நல்ல வகை லோரிகளில் டப்பாவுக்குள் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். மலிவு விலைப் பொம்மைகளில் கிரீஸ் மட்டுமே.

இதற்கு எதிரிகள் மண்ணும் நீரும். நம் செம்மண்ணும், மழைக்குப் பின் திடலில் நிற்கும் தண்ணீரும் மெல்ல மெல்ல உள்ளே போகும். மோரிப் கடற்கரைக்குக் கொண்டுபோனால் உப்பு நீர் இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

சோதிப்பது எளிது. முதலில் பேட்டரியைக் கழற்றி விடுங்கள். திடீரென்று சக்கரம் சுற்றினால் விரல் மாட்டும். லோரியைத் தூக்கி, பின்சக்கரம் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். மணல் அரைப்பது போலிருந்தால் அழுக்கு. இடையிடையே தடுக்கினால் பல் உடைந்திருக்கலாம். முன்பு இருந்த இறுக்கம் போய் வெகு லேசாகச் சுற்றினால் எண்ணெய் ஒழுகிவிட்டது.

கழற்றும்போது முட்டை அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் ஒரு பாகம். காகிதம் போன்ற மெல்லிய வாஷர்கள் இருக்கும். அவைதாம் அதிகம் தொலைகின்றன. "சிறு தகடுதானே" என்று விட்டு விட்டால் பற்கள் சரியாகக் கவ்வாமல் ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு புதிய பற்சக்கரம் வாங்கியும் பயனில்லை. வகுப்பில் மந்தம் என்று பெயரெடுத்த பிள்ளைகள் இந்த வரிசையை ஒருமுறை பார்த்தே நினைவில் வைத்துக்கொள்வதை நாங்கள் கண்டிருக்கிறோம். தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிக்க அவர்களை அனுப்பலாமா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும்.

பற்சக்கரங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலர்த்துங்கள். ரப்பர் வளையங்களை மண்ணெண்ணெயில் போட வேண்டாம். சிலவகை ரப்பர் உப்பிவிடும். வெடித்த வளையத்தை மாற்றியே ஆக வேண்டும், இல்லையேல் ஊற்றும் எண்ணெய் வெளியே வந்துவிடும்.

எண்ணெய் போத்தலில் 5,000, 10,000, 30,000 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக்கூட எண்ணெய் கெட்டி. மெல்லிய எண்ணெய் என்றால், சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்ற, மறு சக்கரம் அசையாமல் நிற்கும். மிகவும் கெட்டியானால் இரண்டும் ஒன்றாகச் சுற்ற முயன்று, திரும்புவது கடினமாகும். தோட்டத்து டிராக்டரில் டிபரன்ஷியல் பூட்டை மிதித்துச் சேற்றிலிருந்து ஏறியவுடன், திரும்புமுன் அதை விட்டுவிடுகிறார்களே, காரணம் இதுவே. லோரியுடன் வந்த குறிப்பேட்டில் சொன்ன எண்ணையே வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் உதவாது. நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். பற்சக்கரங்கள் மூழ்கும் அளவு ஊற்றி, காற்றுக் குமிழிகள் மேலே வரும்வரை சற்றுப் பொறுத்திருங்கள். விளிம்புவரை நிரப்ப வேண்டாம். சூட்டில் எண்ணெய் விரியும்.

மூடியின் ஸ்குரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் என்பதால் அளவோடு போதும். வெளியே உள்ள பெரிய பல்வளையத்துக்குச் சிறிது கிரீஸ் தடவுங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமின்றி மறு சக்கரம் எதிராகச் சுற்றினால், முன்பக்கத்து டிபரன்ஷியலைக் கழற்றத் தொடங்கலாம்.